பசைச் சட்டியில் நாலு விரல்

பசைச் சட்டியில் நாலு விரல் வழித்த தடம் இருந்தது. மாடத்தியின் விரல்கள் அல்ல. அவள் கை அதில் பாதி கூட இராது.

தீப்பெட்டி ஒட்டுகிற பசை. பசிக்கு யாரும் தின்றுவிடக் கூடாதென்று மயில்துத்த விஷம் கலந்தது. போன வாரம் அதை நக்கிய ஆடு, வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள் நுரை தள்ளிச் செத்தது.

காலையிலிருந்தே ஆனைக்குட்டத்தில் போலீஸ். ரயில் பாலத்துக்கு வெடி வைத்தானென்று பிடித்தவன், விருதுநகர் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், நேற்று விலங்கோடு தப்பிவிட்டான். தேடி வந்த காக்கி நிஜார்கள் ஊர்க் கோழிகளைவிட அதிகம். கோழிகளையே இரண்டு தரம் விசாரித்தாயிற்று.

"ஆளு பனை ஒசரமாம்ட்டி! அண்டாச் சோத்தையும் ஒரே மூச்சுல தின்னுருவானாம்!" என்று சற்றுமுன் பக்கத்து வீட்டு முருகம்மாள் சன்னலில் கத்தியிருந்தாள்.

"ஒங்க மாமியாருக்குச் சொந்தமா இருக்கும் மதினி" என்றிருந்தாள் மாடத்தி.

அதற்குள் ஏட்டு வேதமாணிக்கத்தின் விசில். "கதவ அடைங்க! நாங்க சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் தொறக்கப்படாது!"

புருஷன் கம்பெனிக்குப் போயிருந்தான். இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை. மாடத்தி கனத்த தாழ்க்கட்டையைப் போட்டுத் திரும்பியபோதுதான் சட்டியைப் பார்த்தாள்.

கதவையொட்டி, ஒட்டி முடித்த காலிப் பெட்டிகள் கூரை வரை சுவராக அடுக்கியிருந்தன. உச்சி வெயிலில் ஓடு பொரிய, பசையின் புளித்த வாடையோடு ஈரமண் வாடையும் எழ, பல்லாயிரம் பெட்டிகளும் ஒன்றோடொன்று உரசி, சர்ரென்று முன்னே வந்து, சர்ரென்று பின்னே போயின.

மூச்சு.

உள்ளே இருக்கிறான். கத்தினால், கதவை உடைத்து அவர்கள் வருவதற்குள் பாய்ந்துவிடுவான். தாழை எடுக்க இரண்டு கையும் வேண்டும். பிள்ளையைக் கீழே விட வேண்டும். அதுவும் அந்தச் சுவரின் காலடியில்.

'பத்திரகாளி, எம் பிள்ளைய எனக்குக் குடுத்துரு.'

காத்திருந்தால் போதும். தின்றவன் கக்குவான். சுருண்டு விழுவான். அப்புறம் தாழை எடுத்துவிடலாம்.

காத்திருந்தாள். கக்கவில்லை. முனகவில்லை. உள்ளே யாரோ நிதானமாக, ருசித்து, விரல் சூப்பும் சத்தம்.

தெருவில் விசில். ஒரே கூச்சல்.

"பிடிச்சாச்சு! தொறங்க!" ஏட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டே வந்தார். "விடியக்கால இருந்து ஆத்தங்கரை ஆலமரத்துல ஒக்காந்துருக்கான் பய! எறங்கவே இல்ல! முருகம்மா, நீ சொன்ன பனைமரம் நாலடிதான் இருக்கு!"

தெருவே சிரித்தது.

விடியற்காலையிலிருந்து மரத்தில். இறங்கவே இல்லை.

சுவரின் மூச்சு நின்றது. அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏத்தா மாடத்தி, தொற! பயப்படாத!"

இடுப்பிலிருந்த பிள்ளை களுக்கென்று சிரித்து, தெரிந்த ஆளைக் கண்டதுபோல் இரண்டு கையையும் பெட்டிகளை நோக்கி நீட்டியது.

கூரையருகே நாலைந்து பெட்டிகள் உதிர்ந்தன. தரையருகே நாலைந்து.

கீழ்ப் பொந்திலிருந்து வந்த கை அவள் சேலைத் தலைப்பை மெல்லப் பற்றியது. அதே நேரம் மேல் பொந்திலிருந்து இன்னொரு கை. நீண்டது. முழங்கை தெரியாமல் நீண்டுகொண்டே வந்தது.

வந்து, பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தது. பெற்றவளைப் போல.