திரும்பும் நாள்

கோப்பு வரிசையின் இடைவெளியில் மஞ்சள் அட்டை ஒன்று நின்றது. கண்மணி வைத்ததல்ல.

நியூ ஜெர்சியின் அந்தப் பழைய பள்ளியில், அடித்தள ஆவண அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோப்பை உருவினாலும் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டையைச் செருக வேண்டும். என்ன கோப்பு, எடுத்தவர் யார், திரும்பும் நாள் எது என்று மூன்றே வரி. மூன்று வருஷமாக அங்கே வேலை பார்த்து, அதைப் பிசகாமல் செய்து வந்தவள், நேற்று மட்டும் செய்யவில்லை. காகிதம் அரைக்கும் மிஷினுக்குள் போன கோப்புக்கு அட்டை எதற்கு?

அது 1938-ஆம் வருஷத்துக் கோப்பு. எமில் ரோசன்தால், பதினோரு வயது, ஜெர்மனியிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்த யூதப் பையன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய பையன்கள் அவனை நிலக்கரி அறையில் தள்ளிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமைதான் கதவு திறந்தது. பள்ளி நிர்வாகம் அவனைச் சத்தமில்லாமல் புதைத்தது, பதிவேட்டில் பெயரை அடித்தது. ஹாம்பர்கிலிருந்து அவன் அம்மா ஏழு கடிதம் எழுதினாள். ஏழாவதற்குத்தான் பதில் போயிற்று: ‘இந்தப் பெயரில் எங்களிடம் மாணவர் யாரும் இல்லை.’

அங்கே படித்த யூத மாணவர்களின் வரலாற்றை எழுத அடுத்த வாரம் ஒரு ஆய்வாளர் வருகிறார். அவர் கண்ணில் அந்தக் கோப்பு படக் கூடாது என்றார் தலைமையாசிரியர். அதே மூச்சில், ஐந்தாவது படிக்கும் அவள் மகள் ரக்ஷாவுக்கு இங்கேயே ஆறாவதில் இடம் உறுதி என்றும் சொன்னார். கண்மணி தலையாட்டினாள். ராத்திரி கணவன் வெங்கடகிருஷ்ணனிடம் சொன்னபோது அவனும் அலட்டிக்கொள்ளவில்லை.

“பழைய ஃபைல்தானே, விடு. அந்தப் பையனைத் தேடி இப்ப யாரு வரப் போறா? நம்ம ரக்ஷாவைப் பாரு.”

அவளும் ரக்ஷாவைத்தான் பார்த்தாள். மறுநாள் ஒரு தாயின் கடிதங்களைத் தன் கையாலேயே அரைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடவும் செய்தாள்.

இப்போது அட்டையை உருவிப் பார்த்தாள். பென்சிலில், உருட்டி உருட்டி எழுதிய சின்னப் பிள்ளைக் கையெழுத்து. கோப்பு: ரோசன்தால், எமில். எடுத்தவர்: கண்மணி. மூன்றாவது வரி காலி.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அதைக் கசக்கி எறிந்தாள். விரல்கள் கருத்திருந்தன. நாலரை மணிக்கே டிசம்பர் வெளிச்சம் மேல் ஜன்னலில் வற்றிக்கொண்டிருக்க, ஹீட்டரின் முனகலுக்கு அடியில், பழைய காகித வாசனையையும் மீறி, ஈரக் கரியின் நெடி அறை முழுக்க மெல்லப் பரவி அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. நிலக்கரி அறையின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சுவர் அவள் மேஜைக்குப் பின்னால்தான் இருந்தது.

கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தாள். கதவருகே, இப்போது படிக்கும் பிள்ளைகளின் கோப்பு வரிசை. அதில் ஒரு மஞ்சள் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. உருவினாள்.

கோப்பு: வெங்கடகிருஷ்ணன், ரக்ஷா.

எடுத்தவர்: எமில்.

இதிலும் மூன்றாவது வரி காலி. மேலே, வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் கேரில் ரக்ஷா ஐந்து மணி வரை இருப்பாள். போன் போட்டாள். தினமும் ரக்ஷாவுக்கு ஜடையைச் சரிசெய்து விடும் மிஸ்தான் எடுத்தார்.

“மன்னிக்கணும். இந்தப் பெயரில் எங்களிடம் மாணவர் யாரும் இல்லை.”

“நான் கண்மணி. கீழே ஆர்க்கைவ்ஸ்ல வேலை பார்க்கிறேனே, ரக்ஷாவோட அம்மா.”

“உங்களைத் தெரியும், கண்மணி. உங்களுக்குக் குழந்தை இருக்கா?”

வெங்கடகிருஷ்ணனை அழைத்தாள்.

“மீட்டிங்ல இருக்கேன், சொல்லு.”

“ரக்ஷாவை நீங்க பிக்கப் பண்ணிட்டீங்களா?”

“யாரு ரக்ஷா?”

போன் திரையைப் பார்த்தாள். பல் விழுந்த வாயோடு ரக்ஷா ஊஞ்சலில் சிரிக்கும் படம் அது. இப்போது வெறும் ஊஞ்சல்.

பின்னால் தட்டும் சத்தம்.

சுவருக்குள்ளிருந்து.

ஒரு சின்னக் கை. நிறுத்தி, மறுபடி. பக்கத்திலேயே இன்னொரு கை, நிதானமாக, பழக்கப்பட்டதுபோல.

“அம்மா?” ரக்ஷாவின் குரல். “அம்மா, இட்ஸ் டார்க் இன் ஹியர்.”

கண்மணி செங்கல்லைப் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. கத்தினாள். மேலே பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் காலடிகள். கார்க் கதவுகள். பிறகு அதுவும் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

கையில் ரக்ஷாவின் அட்டை இன்னும் இருந்தது. காலியாக இருந்த மூன்றாவது வரியில், அவள் பார்க்கப் பார்க்க, பென்சில் எழுத்து ஊறி வந்தது.

திரும்பும் நாள்: திங்கட்கிழமை.