பொத்தான் படத்தில் இருபத்தைந்து விநாடி

"அந்தப் படம் இருநூறு நாள் ஓடினதுக்குக் காரணம் கதையும் இல்ல, பாட்டும் இல்ல, கதாநாயகியோட மூஞ்சியும் இல்ல. இதோ, என்னோட இந்தக் கைதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வெங்காயச் சாறு வழியும் இடது கையைத் தூக்கிக் காட்டித் தையலம்மா இப்படி அறிவித்தாள். யாரும் டீயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. முப்பத்து நான்கு வருஷமாகக் கேட்டுக் கேட்டுச் சுவருக்கே மனப்பாடமாகிவிட்ட வசனம் அது. வாசலில் இருக்கும் அழைப்பு மணிக்கு வாய் இருந்தால் அதுவும் கூடச் சேர்ந்து சொல்லியிருக்கும்.

"ஆதாரம் இருக்கா?" என்றார் அவள் கணவர்.

அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடும். முப்பத்தைந்து வருஷம் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு அதையே இலவசமாகச் செய்துகொண்டிருந்தார். சூரியனே உதித்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலும், எங்கே ஏறினாய் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

"படத்தைப் பாருங்க. அதான் ஆதாரம்" என்றாள் தையலம்மா.

"பாத்துட்டுதானே இருக்கோம், வாராவாரம்..." என்று மகன் கொட்டாவி விட்டான்.

தையலம்மாவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பார்த்துக்கொண்டா இருக்கிறார்கள்? அவளிடம் ஏழு படங்கள் இருந்தன. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், நூல்கண்டுகளுக்கு அடியில், ஏழு குறுந்தகடுகள். அவற்றின் உண்மையான பெயர்கள் இந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மழைப் படம், லாரிப் படம், ரெண்டு அக்கா படம் என்று அவர்களாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அவளுக்கு அலுக்காத படங்கள். தனக்குப் பிடித்ததைத் தன் மனிதர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், இவ்வளவுதான் ஆசை. ஆனால் ஒவ்வொரு வாரமும் படம் ஓடும். மகன் செல்போனைப் பார்ப்பான். செக்கர் படத்தில் வரும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த விதம் தப்பு என்று விளக்கம் சொல்வார். தையலம்மா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பாள். வருஷக்கணக்கில் அவள் படம் பார்த்தது நிலைப்படியில் சாய்ந்துதான். அவள் தோள் பட்டுப் பட்டு அந்தக் கதவு நிலையில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. வேண்டுமானால் போய்த் தடவிப் பார்க்கலாம்.

ஏழில் தலையாயது பொத்தான் படம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு சினிமா உடைத் தையற்கூடத்தில் வேலை பார்த்தாள். அந்தப் படத்தில் ஒரு காட்சி. கப்பலேறப் போகிற நாயகனோடு சண்டை போட்டுக்கொண்டே, அவன் போட்டிருக்கும் சட்டையில் அறுந்த பொத்தானைக் கதாநாயகி தைத்துவிட வேண்டும். அந்த அம்மாளுக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை. ஆறு தடவை குத்தியதில் அத்தனை பெரிய வீரன் அம்மா என்று அலறிவிட்டான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. உடையோடு வந்திருந்த தையல்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, கதாநாயகியின் மோதிரத்தை மாட்டி, கையை மட்டும் படம் பிடித்தார்கள். இருபத்தைந்து விநாடி. திரையில் வெறும் கை, மேலே சண்டைக் குரல். ஊரே அழுதது. தியேட்டர் தரையில் கண்ணீர் கணுக்கால் வரைக்கும் நின்றது என்பது தையலம்மாவின் கணக்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எல்லோருக்கும் எப்படியாவது காட்டியே ஆக வேண்டும், அவளுக்கு வேறு வழி இல்லை. மகன் லிப்ட் மெக்கானிக். வேறு ஊருக்கு மாற்றலாகி, மறுநாள் காலை மருமகளோடு ரயிலேறுகிறான். கூடத்தில் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. வழியனுப்ப நாத்தனாரும் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மொத்தக் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இனி எப்போது உட்காரும்?

அதனால் தையலம்மா போருக்குப் போகிறவள்போல ஏற்பாடு செய்திருந்தாள். நாலரைக்கே எழுந்து மத்தியானச் சமையலை முடித்தாள். மேஜையில் ஆறு பாட்டில் தண்ணீர், பிளாஸ்கில் டீ, தட்டு, டம்ளர், துடைக்கத் துணி, மகனுக்குச் சார்ஜர், நாத்தனாருக்குத் தலைவலி மாத்திரை, எல்லாவற்றையும் பரப்பினாள். பூகம்பமே வந்தாலும் யாரும் தன்னை எழுப்பக் கூடாது. பத்து மணிக்குப் படத்தைப் போட்டு, முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் எல்லோரும் அவளை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

"அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று மருமகள் பதறினாள்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. எந்த ஊரிலோ லிப்டில் சிக்கிக்கொண்ட யாரோ மகனைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவன் உட்கார்ந்த இடத்திலேயே, எட்டாவது மாடிப் பொத்தானை அமுக்குங்க என்று கத்தி அவர்களை விடுவித்தான். தையலம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. நாயகன் பெட்டியைத் தூக்கிவிட்டான். சட்டையில் பொத்தான் இல்லை. இதோ...

"ஏம்மா, என் கண்ணாடி எங்க?" என்றார் செக்கர்.

"இருங்க, ஒரு நிமிஷம்."

"கண்ணாடி இல்லாம எப்படிப் பாக்கறது? நீதானே பாருங்க பாருங்கன்னு உயிரை வாங்கற."

அவள் எழுந்தாள். எழுந்திருக்கக் கூடாது என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை, அதற்குப் பழக்கம் அப்படி. அலமாரி, கட்டிலடி, குளியலறை ஜன்னல், செய்தித்தாள் அடுக்கு என்று வீட்டையே புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியபோது திரையில் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தாள். செக்கரின் சட்டைப்பையில், அவள் தைத்த பொத்தானுக்குப் பக்கத்தில், கண்ணாடியின் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

தையலம்மா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"இருபத்தஞ்சு செகண்டுங்க. இந்த வீட்ல எனக்குன்னு நான் கேட்டது அவ்ளோதான். நகை கேட்டேனா, ஊர் சுத்தணும்னு சொன்னேனா? கொஞ்ச நேரம் உக்காந்து என் கையைப் பாருங்கன்னு கேட்டேன்."

"தெரியாமக் கேட்டுட்டேன். பையில இருந்தது ஞாபகமில்ல..."

"ஒவ்வொரு தடவையும் அந்த எடம் வரும்போதுதான் உங்களுக்கு ஞாபகம் போகுது. போன தடவ தண்ணி. அதுக்கு முன்னாடி முதுகு அரிச்சுது. ஒரு மணி நேரமாக் கண்ணாடி இல்லாமதானே பாத்தீங்க? வேற எல்லாம் தெரியுது... என் கை மட்டும் தெரியாது, இல்ல?"

அவள் குறுந்தகட்டை எடுத்து டப்பாவில் வைத்து, டப்பாவை மருமகள் மடியில் வைத்தாள்.

"நீ கொண்டு போம்மா. பிடிச்சா பாரு. இல்லன்னா வழியில எங்கயாவது போட்டுடு. இனி இந்த வீட்ல நான் படம் போட மாட்டேன்."

கூடத்தை ஒட்டிய தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது அறை என்று பேர்; கூடத்தைப் பலகை வைத்துப் பிரித்த ஒரு மூலை. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து யாருடைய சட்டை என்றுகூடப் பார்க்காமல் ஒன்றை எடுத்து மிதித்தாள். கண்ணீர் மறைத்ததில் கைப்பகுதியைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். அதைப் பார்த்து இன்னும் அழுகை வந்தது. மிதிப்பதை நிறுத்தினாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் குரல் கேட்டது.

"அண்ணா, உங்க கல்யாணமான வருஷம் ஒரு பெரியவர் வந்தாரே, தாடி வச்சவர். ஞாபகமிருக்கா?"

"சட்டை வாங்கிட்டுப் போக வந்தார்னு இவ சொன்னா."

"சட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தையற்கூடத்து முதலாளி அவர். அடுத்த படத்துக்கு மொத்த உடையையும் அண்ணி பொறுப்புல விடறேன், கூட வந்து வேலை பாருன்னு கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். எனக்கு ஒன்பது வயசு. அம்மா போய் ஆறு மாசம்கூட ஆகல. அண்ணி திரும்பி என்னை ஒரு தடவ பாத்தாங்க. எனக்கு அதுல விருப்பமில்லங்கன்னு அவருக்குப் பதில் சொன்னாங்க."

நாத்தனார் அதோடு விடவில்லை.

"அவர் போனதும் பின்னாடி போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்னாங்க. அந்தச் சத்தத்துல அழுதா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாங்க... நான் நர்சு ஆனேன், அண்ணா. அவங்க நிலைப்படியில நின்னாங்க."

தையலம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொல்லாத பெண். சத்தியத்தை இத்தனை வருஷம் காப்பாற்றிவிட்டு இன்றைக்குப் பார்த்தா உடைக்க வேண்டும்!

வெகுநேரம் கழித்து டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு துறைமுகத்தின் சங்கு. நாயகனும் நாயகியும் சண்டை போடும் குரல். அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரிந்த குரல்கள். போகாதே என்கிறாள், போவேன் என்கிறான், நில், பொத்தானைத் தைத்துவிட்டாவது போ என்கிறாள். ஓடியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து போகாதே, போவேன், நில். மறுபடியும்.

"அப்பா, பதினோராவது தடவ" என்று மகன் முனகுவது கேட்டது.

"பேசாம இரு. அவ கடிதம் எழுதற எடத்தைப் போடு. எந்தக் கையில எழுதறா?"

"வலது கைதான், மாமா" என்றாள் மருமகள்.

"டீ ஊத்தற எடம்?"

"அதுவும் வலது."

"இப்போ பொத்தானுக்குப் போ. மெதுவா."

போகாதே. போவேன். நில்.

தையலம்மா பலகையில் காதை வைத்தாள். அந்தப் படத்தில் ஒரு தவறு இருப்பது அவளுக்கு மட்டுமே தெரியும். கதாநாயகி படம் முழுக்க வலக்கைக்காரி. பொத்தான் தைக்கும் கை மட்டும் இடக்கை; தையலம்மா இடக்கைக்காரி. வெளிச்சம் போகிற அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. இருநூறு நாள் பார்த்த ஊரும் கவனிக்கவில்லை. அவள் வாயால் சொன்னால் செக்கர் அதற்கும் ஆதாரம் கேட்பார். அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் இத்தனை வருஷம் காத்திருந்தாள்.

"நிறுத்து" என்றார் செக்கர். "அந்த நூலைப் பாரு. மூணு சுத்து இந்தப் பக்கம். நாலாவது..."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

தையலம்மாவின் பொத்தானுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடியில் நூலை மூன்று சுற்று ஒரு பக்கமாகச் சுற்றி, நான்காவதை எதிர்ப்பக்கம் திருப்பிப் பூட்டுவாள். யாரிடமும் படித்ததில்லை, அவள் கையாகக் கண்டுபிடித்தது. செக்கரின் காக்கிச் சட்டைகள் கிழிந்து, கந்தலாகி, தரை துடைக்கப் போயிருக்கின்றன. பொத்தான் ஒன்றுகூட விழுந்ததில்லை. கூட்டத்தில் பயணிகள் இழுத்த இழுப்பில் பஸ்ஸின் கம்பியே கையோடு வந்ததுண்டு, அந்தப் பொத்தான்கள் வந்ததில்லை.

கதவு தட்டப்பட்டது. அவள் திறந்தாள்.

செக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். தன் சட்டையின் மூன்றாவது பொத்தானை, நூல் தெரியும்படி விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் படத்தை நான் ஒன்பது தடவ பாத்தேன்" என்றார். "கட்டினா இந்தக் கையைத்தான் கட்டணும்னு டெப்போ முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நீ வந்த முதல் வாரமே அது என் கைன்னு சொன்ன..."

"நம்பல நீங்க."

"நம்ப பயமா இருந்துது. நம்பினா, அந்தக் கையை இந்த வீட்ல நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்னும் பாக்கணுமே. அதான்... அந்த எடம் வந்தாலே கண்ணாடி, தண்ணி, முதுகு." அவர் மூக்கை உறிஞ்சினார். "அந்தத் தாடிக்காரரை நீ திருப்பி அனுப்பினது எனக்குத் தெரியாது. சத்தியமா."

வெங்காய வாசனை போகாத அவள் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் யாரையும் நம்பாத மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார். நாத்தனார் ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தையலம்மாவுக்குக் கோபம் முழுக்கவும் போய்விடவில்லை. முப்பத்து நான்கு வருஷக் கோபம் ஒரு காலையில் போய்விடுமா என்ன? ஆனாலும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

செக்கர்தான் முதலில் விலகினார். கூடத்தின் நடுவில் இருந்த நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு நேராக இழுத்துப் போட்டார். மேஜையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். மருமகள் செல்போன்கள் எல்லாவற்றையும் வாங்கி அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் போட்டாள்.

"உக்காரு" என்றார் செக்கர்.

தையலம்மா நின்றுகொண்டே இருந்தாள். "அது என் கைதான்னு இவங்க முன்னாடியும் சொல்லுங்க" என்றாள்.

செக்கர் தொண்டையைச் செருமினார். நிமிர்ந்து நின்று, ஓடுகிற பஸ்ஸில் மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில் சொன்னார்:

"நல்லா செக் பண்ணிட்டேன். டிக்கெட் சரியாதான் இருக்கு. அந்தப் படத்துல இருக்கற கை, இவ கைதான்."