டம்மி

கையடக்கச் சீட்டாட்டக் கருவியின் ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கி வந்த மச்சினன் அதைச் சொல்லித்தான் கொடுத்தான். ஆட்டம் ஓடும், சத்தம் மட்டும் வராது. அப்படியிருக்க, திரையில் இடப்பக்கத்து ஆள் ஸ்பேட் ஏழாம் சீட்டை இறக்கியதும் ‘டக்’கென்று கேட்டது. சீட்டை மேசையில் விரலால் அழுத்தி வைக்கிற சத்தம்.

அவன் லிப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் நின்று, தேய்வது கயிறா உருளையா என்று காதாலேயே சொல்லிவிடுகிறவன். அந்தக் காது இப்போதும் பொய் சொல்லவில்லை. சத்தம் உள்ளங்கையில் இருந்த கருவியிலிருந்து வரவில்லை. சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்திலிருந்து வந்தது. அங்கே காலி நாற்காலிதான் இருந்தது.

ஏணி சறுக்கித் தொடை எலும்பு முறிந்ததிலிருந்து அவனுக்கு வீடே கூண்டாகிவிட்டது. மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிவைத்து, ஜன்னலைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான், கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொள்வான். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் மனைவி மத்தியானம் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அதுவரை பொழுது போகட்டும் என்றுதான் மச்சினன் இந்த பிரிட்ஜ் ஆட்டத்தைக் கொடுத்திருந்தான். நான்கு பேர் ஆடுவது. எதிரே உட்காருபவன் கூட்டாளி, இரு பக்கமும் எதிராளிகள். அந்த மூவருக்காகவும் கருவியே ஆடும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறை மங்கியது. அடுத்த சீட்டுக்கு எதிரே ‘டக்’. அதற்கடுத்தது வலப்பக்கம். கூடவே ஒரு வாடை எழுந்து வந்தது. பல கைகள் பட்டுப் பிசுபிசுத்துப்போன பழைய சீட்டுக்கட்டின் வாடை, ஈரத்தோடு மடித்து வைத்த கம்பளித் துணியின் வாடை. மழைதான், எலிதான், சும்மா கிடக்கும் மனசு சொல்லும் கதைதான் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்துவிட்டுக் கருவியை அணைத்தான்.

வலப்பக்கம் மேசையில் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. மெதுவாக. பிறகு வேகமாக. காத்திருந்து சலித்தவன் போடுகிற தாளம். தண்ணீர் டம்ளர் அதிர்ந்து நகர்ந்தது. அவன் மறுபடி கருவியைப் போட்டான். தாளம் நின்றது.

அப்போது மனைவி போனில் கூப்பிட்டாள். மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டவள் சட்டென்று நிறுத்தினாள்.

“யாருங்க வந்திருக்காங்க?”

“யாரும் இல்லையே. டிவிகூடப் போடல.”

“சும்மா சொல்லாதீங்க. சிரிக்கிறாங்களே, எனக்கே கேக்குது. சரி விடுங்க, உங்களுக்கும் பேச்சுத்துணையாச்சு. நான் கிளம்பிட்டேன்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். ஊன்றுகோலை எடுக்கக் கையைப் பின்னால் விட்டான். சுவரில் சாய்த்து வைத்திருந்த கோல் அங்கே இல்லை. வலப்பக்கத்து நாற்காலியின் முதுகில், யாரோ பத்திரமாக எடுத்து வைத்தாற்போல், சாய்ந்திருந்தது.

ஆடித்தான் ஆக வேண்டும். திரையில் புதுக் கைச்சீட்டு விழுந்தது. எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்கும் ஏலம் தொடங்கியது. அவன் சுபாவத்துக்கு இதுவரை எந்த ஏலத்தையும் விட்டதில்லை. கூட்டாளி கேட்டால் அதற்கு மேல் தான் கேட்டுத் தானே ஆடுவான். இன்று இந்த ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, எதுவும் கேட்காமல் ‘பாஸ்’ அழுத்தினான். இடப்பக்கமும் பாஸ். வலப்பக்கமும் பாஸ். எதிரே இருந்தவன் கேட்டதே நின்றது.

திரையில் அவன் பக்கத்தில் ‘டம்மி’ என்று எழுத்து வந்தது.

ஏலம் எடுத்தவனின் கூட்டாளிதான் டம்மி. சீட்டையெல்லாம் திறந்து பரப்பிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது. அவன் கைக்கும் சேர்த்து எதிரே இருப்பவனே ஆடுவான்.

கருவி கையிலிருந்து நழுவியது. எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. மேசையில் மல்லாந்து கிடந்தது, விரல்கள் விரிந்து. மற்ற கையும் அப்படியே. கூப்பிடப் பார்த்தான். நாக்கு அசையவில்லை.

எதிரே நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ முன்னால் குனிந்தார்கள். சில்லென்ற விரல் ஒன்று அவன் சுண்டுவிரலைத் தொட்டது. மடக்கியது. அடுத்த விரலைத் தேடியது.

வாசலில் சாவி திரும்பியது.

விளக்கு எரிந்தது. மனைவி குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். இடப்பக்கத்து நாற்காலியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். வலப்பக்கத்தையும் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பார்வை அவன் மேல் நிற்காமல், பின்னாலிருந்த சுவர் வரை போய்த் திரும்பியது.

“ஒரு ஆள் குறையுதே. நாலு பேர் வேணுமே இதுக்கு?”

“டம்மிக்கு ஆள் வேண்டாம்மா. நானே பாத்துக்கிறேன்.”

எதிர் நாற்காலியிலிருந்து வந்தது அவனுடைய குரல். அதே கரகரப்பு, அதே இழுப்பு. அவள் அங்கே போனாள். அந்த நாற்காலிக்குக் கீழே ஒரு மாவுக்கட்டுக் கால் நீண்டிருந்தது. குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டு, அந்தத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

தோளுக்கு மேலே அவனுடைய அதே முகம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மேசைமேல் அவனுடைய கை தானாக எழுந்து, கண்ணுக்குத் தெரியாத அடுத்த சீட்டை எடுத்து வைத்தது.