எட்டு மில்லிக் காய் இரண்டு

“ஒயருன்னா எந்த ஒயரு? வெவரமாச் சொல்லுங்க!”

ஜக்கையன் தலையை நிமிர்த்தாமலே எரிந்து விழுந்தான். போடிக் கடைவீதியில் கணினிக் கடை வைத்த நாள்தொட்டு அவனுக்கு இதே வயிற்றெரிச்சல். முனைக்கு முனை வடிவம் வேறு, பெயர் வேறு. வருகிறவர்களோ அத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். என்ன அநியாயம்!

நிமிர்ந்தான்... சினம் மறந்துபோயிற்று. மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றுக்குள் அவனைவிடச் சினங்கொண்ட இரு விழிகள்...

“எங்க தோட்டத்து ஆபீசுல சி.பி.யு. பெட்டியையும் மானிட்டரையும் சேக்குற ஒயருங்க. மூணு மணிக்கு எனக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ. மானிட்டர் பக்கம், அந்தா தொங்குதே எச்.டி.எம்.ஐ., அது பொருந்தும். பெட்டிப் பக்கந்தான் வேற.”

“போட்டோ இருக்கா?”

“போனு மழையில செத்துப்போச்சு.”

அவள் பையிலிருந்து இரண்டு ஏலக்காய்களை எடுத்து மேசையில் ஒட்டி வைத்தாள். “எட்டு மில்லிக் காய். ஒண்ணொண்ணும் எட்டு மில்லிமீட்டரு அகலம். ரெண்டும் சேந்தா எம்புட்டு அகலமோ அம்புட்டு. ஒரு மூலை மட்டும் வெட்டுன மாதிரி இருக்கும்.”

ஜக்கையன் வாய்விட்டுச் சிரித்தான். “காயை வச்சு அளந்த மொத ஆளு நீங்கதாங்க!”

“தெனமும் தோட்டத்துல காய் தரம் பிரிக்கிறவ நான். என் கண்ணு தப்பாது.”

“எல்லாப் பெட்டியும் ரெண்டு பக்கமும் எச்.டி.எம்.ஐ.தான். கொண்டு போங்க. பில்லுக்குப் பேரு?”

“அருள்மொழி. போடிமெட்டு, மேலத்தோட்டம்,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, ஜீப்பின் ஒலிப்பான் ஓசை கேட்டு ஓடினாள்.

காய்கள் மேசையிலேயே கிடந்தன. விளையாட்டாக அவற்றின்மேல் ஓர் எச்.டி.எம்.ஐ. முனையை வைத்துப் பார்த்தான். இரண்டு மில்லி குறைந்தது! மூலைகளும் இரண்டு மழுங்கியிருந்தன. டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு வகை முனையை வைத்தான்... அளவு அச்சாகப் பொருந்தியது. வெட்டுப்பட்ட மூலை ஒன்றே ஒன்று.

‘வேண்டுமானால் திரும்பி வரட்டும்’ என்றது செருக்கு. வந்து திரும்ப அவளுக்கு நேரம் ஏது? ஒருமுனை டிஸ்பிளேபோர்ட்டும் மறுமுனை எச்.டி.எம்.ஐ.யுமான கேபிளை எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு, மலையேறும் அடுத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டான்.

தோட்டத்து அலுவலகத்தை அடைந்தபோது மணி இரண்டே முக்கால். இருண்ட திரையின் முன் கலங்கிய கண்களோடு அமர்ந்திருந்தாள் அருள்மொழி.

“இன்னும் சிரிக்க மிச்சம் இருக்கா?”

“நீங்க அளந்தது சரி. தப்பு எம்மேலதான்.”

முனை ‘டக்’கென்று அமர்ந்தது. திரை ஒளிர்ந்தது... அவள் முகமும்!

நேர்காணல் முடிந்து அவள் வெளியே வந்தபோது, முற்றத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. அவன் நனைந்தபடி நின்றிருந்தான்.

“நல்லாப் பேசுனேங்க. முடிவு திங்கக்கிழமை. நீங்க இன்னும் போகலையா?”

“ஒரு உண்மை சொல்லணும்...” என்றான். “கேபிளை ஜீப்பு டிரைவர்கிட்டக் குடுத்து விட்டிருக்கலாம்.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“ஒங்களைப் பாக்க.”

அவள் பனி மூடிய பாதையைப் பார்த்தாள்.

“கீழ போக அஞ்சு மணிக்கு ஒரு ஜீப்பு இருக்கு...” என்றாள் மெல்ல. “அதுல எடம் இருக்கும்.”

அவன் தலை தாழ்ந்தது.

“ஆறு மணிக்கும் ஒண்ணு இருக்குங்க... நீங்க அதுல போங்க.”