அம்பு வேண்டாத ஊர்

வாயாடி என்பது அவளுடைய பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குச் சித்தியின் ஆபீஸுக்குள் நுழைந்ததும் கப்சிப் என்றாகிவிட்டாள். உள்ளே எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தியும் கூட்டாளிகளும் செய்வது லேசுப்பட்ட வேலையில்லை. கணினிக்குள் ஓர் ஊரையே கட்டியிருந்தார்கள். கனத்த வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், அந்த ஊருக்குள் ஜம்மென்று நடக்கலாம்.

அது அவர்களுடைய சொந்த ஊர். நகரம் வருவதற்கு முன்பே ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் வாழ்ந்த பூர்வகுடிகள் அவர்கள். முன்பும் யார் யாரோ அவர்களை வைத்துக் கணினி விளையாட்டுகள் செய்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அவர்கள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு கத்துவார்கள். நம் வீட்டில் வாயாடியைத் தவிர யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று சித்தப்பா கேலி செய்வார். இந்த முறைதான் அவர்களே தங்கள் ஊரைச் செய்திருந்தார்கள். அருங்காட்சியகத்தில் வைப்பதாக ஏற்பாடு.

ஆனால், பார்க்க வந்த அருங்காட்சியகத் தலைவி உள்ளே போனதும் தொலைந்துபோனார். சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நிஜச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டார். தெருவுக்குத் தெரு வழிகாட்டச் சிவப்பு அம்புக்குறி போடுங்கள், வலது இடது என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் வைக்க முடியாது, நாளைக்கு மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அம்பு போட்டா அது நம்ம ஊரே இல்லடி," என்றாள் சித்தி.

காரணம் இருந்தது. அந்த மக்களிடம் வலது, இடது என்ற பேச்சே கிடையாது. எல்லாமே ஆற்றுப் பக்கம், மலைப் பக்கம்தான். "உன் ஆத்துப் பக்கச் செருப்பு பிஞ்சிருக்கு பாரு" என்பார்கள். நீங்கள் திரும்பி நின்றால் அதே செருப்பு மலைப் பக்கச் செருப்பாகிவிடும். இதில் அவர்களுக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. அதனால் கணினி ஊரிலும் படகுக்காரர், "ஆத்துப் பக்கமா வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

வாயாடிக்குச் சித்தியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஆற்றங்கரைக்காரர்கள். இவர்களே நடந்து பார்த்தால் எப்படித் தப்பு தெரியும்? ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுத் தோழி நெட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். நெட்டையின் குடும்பம் இந்த ஊருக்குப் புதிது.

நெட்டை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் காற்றைத் துழாவினாள்.

"எந்தப் பக்கம்டி போகணும்?"

"ஆத்துப் பக்கம்."

"ஆறு எங்க இருக்கு?"

இதுகூடவா தெரியாது என்று வாயாடியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டாள். நெட்டை பாவம், நிஜமாகவே திண்டாடிக்கொண்டிருந்தாள். அது சரி, நமக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடும்போதுகூட வழி தவறியதில்லையே!

கண்ணாடியை வாங்கித் தான் மாட்டிக்கொண்டாள். உள்ளே போய்க் கண்ணை இறுக மூடினாள். ஒரு பக்கம் திரும்பினாள். மறுபக்கம் திரும்பினாள்.

"சித்தி, இந்த ஆறு ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி சத்தம் போடுது. நிஜ ஆறு அப்படியா பண்ணும்?"

சித்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நமக்குத்தான் ஆறு எங்கன்னு தெரியுமே. அதனால ஒருத்தரும் காது கொடுத்துக் கேக்கல."

சத்தத்துக்குப் பொறுப்பான அண்ணன் அப்போதே வேலையில் இறங்கினான். ஆற்றுப் பக்கம் இருக்கும் காதில் மட்டும் சலசலப்பு கூடும். கிட்டப் போகப் போகப் பெரிதாகும். மலைப் பக்கக் காதில் இலைகள் சரசரக்கும். நெட்டை மறுபடி உள்ளே போனாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். நேராகப் படகுத்துறைக்கு நடந்துபோய்ப் படகுக்காரருக்கு வணக்கம் வைத்தாள். ஆபீஸே கை தட்டியது.

மறுநாள் தலைவி நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தார். சுவருக்கு முன்னால் சித்தப்பா முன்னெச்சரிக்கையாகத் தலையணை பிடித்துக்கொண்டு நின்றார். அது தேவைப்படவே இல்லை. தலைவி சற்று நின்றார், கேட்டார், நடந்தார். ஒரு சந்தில்கூடத் தயங்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றியபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அம்பு வேண்டாம்மா. ஒரு வார்த்தைகூட மாத்தாதீங்க. உங்க ஊர் இப்படியேதான் இருக்கணும்," என்றார்.

சித்தியின் கண் கலங்கியது. வாயாடிக்குப் பெருமை தாங்கவில்லை. இது எங்கள் ஊர், நாங்களே செய்தது என்று தெருவெல்லாம் கத்த வேண்டும் போலிருந்தது.

கிளம்பும்போது தலைவி தன் பையைத் தேடினார்.

"மேசைக்கு மலைப் பக்கம் இருக்கு," என்றாள் வாயாடி, பழக்க தோஷத்தில்.

தலைவி ஜன்னல் வழியே தூரத்து ஆற்றை ஒரு முறை பார்த்தார். பிறகு சரியாக மலைப் பக்கம் திரும்பி, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.