நல்ல முகம் உள்பக்கம்

மரவேலிக்கு இரண்டு முகம். பலகைகள் மட்டும் தெரிகிற வழவழப்பான முகம் ஒன்று. குறுக்குச் சட்டங்கள் தெரிகிற முதுகுப்புறம் இன்னொன்று. நல்ல முகத்தை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவதுதான் ஒஹாயோவில் மரியாதை. அங்கே நகராட்சி விதியும் அதுதான். இருபது வருடமாக வேலி போடுகிற டுவேன் கோலாருக்கு இது மனப்பாடம். அதனால்தான் லொரெய்ன் ஹாட்ச் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெருக்கோடி வீட்டில் அந்தக் கிழவி தனியாக இருந்தாள். கொல்லைப்புற வேலி உளுத்துவிட்டது, அதே உயரத்தில் புதிதாக வேண்டும் என்றாள். நல்ல முகம் உள்ளே, சட்டங்கள் வெளியே. எதைப் பிரித்தாலும் அன்றைக்கே அடைத்துவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். இத்தனையையும் ஏதோ கடன்காரனை விரட்டுகிற குரலில் சொல்லிவிட்டு, முழங்கால் அறுவைக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

டுவேன் தன் மனைவி டெனிஸின் தம்பி கர்ட்டைச் சேர்த்துக்கொண்டு நாலே நாளில் வேலையை முடித்தான், ஊர் வழக்கப்படி. கிழவிக்கு வேலியைப் பற்றி என்ன தெரியும்?

அந்தக் கொல்லையில் பறவைச் சத்தமே இல்லை. தூண் நடத் தோண்டிய குழிகளிலிருந்து கெட்டுப்போன இறைச்சியின் வாடை வந்தது. கர்ட் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டான். செத்த பெருச்சாளியாக இருக்கும் என்று டுவேன் சொன்னான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஐந்தாம் நாள் மதியம் லொரெய்ன் ஊன்றுகோலோடு வந்து இறங்கினாள். வேலியைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"அதுக்கு ஏணி கட்டிக் குடுத்திருக்கியேடா, மடையா."

வேலி விதியைப் பற்றி டுவேன் வாயெடுத்தான். அவள் ஊன்றுகோலால் உள்பக்கச் சட்டங்களைக் காட்டினாள்.

அடிச்சட்டத்தில் சேற்றுக் கைத்தடம். நடுச்சட்டத்திலும். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்.

மேல்சட்டத்தில் இன்னும் ஒன்றுமில்லை.

"இன்னிக்கு இருட்டினா மேல வந்துடும். அதுக்குள்ள திருப்பி வை."

உடனே வேலையை ஆரம்பித்தார்கள். டுவேன் வெளியே நின்று சட்டங்களைத் தூணோடு முடுக்குவான். கர்ட் உள்ளே நின்று பலகைகளைத் தாங்கிப் பிடிப்பான். பிடிச்சியா என்றால், பிடிச்சேன் மாமா என்று பதில் வரும். ஒவ்வோர் அடைப்பாக வேலி மூடிக்கொண்டே வந்தது. ஐப்பசி வெயிலோ அதைவிட வேகமாக இறங்கியது.

கடைசி அடைப்பை நிறுத்தியதும் கர்ட்டின் முகம் மறைந்தது.

"பிடிச்சியா மாப்ள?"

பதில் இல்லை. ஆனால் பலகை அசையாமல் நின்றது.

டுவேன் திருகாணிகளை இறக்கினான். வேலை அச்சுப் பிசகாமல் அமைந்தது. உள்ளிருந்து ஏற இனி கால் வைக்க ஒரு பிடிமானமும் இல்லை.

வேலியின் கதவு திறந்தது. கர்ட் வெளியே வந்தான். முழங்கை வரை சேறு. யாரையும் பார்க்காமல் நடந்துபோய் வண்டியில் உட்கார்ந்தான். லொரெய்ன் அவசரமாகப் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

அப்போதுதான் உள்ளிருந்து குரல் வந்தது.

"மாமா, கதவு சாத்திக்கிச்சு. திற."

கர்ட்டின் குரல்.

டுவேன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். கர்ட் முன்னிருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தான்.

"திறக்காத," என்றாள் லொரெய்ன் மெதுவாக. "கேட்ட குரலையெல்லாம் பேசும். என் புருஷன் குரல்ல பதினோரு வருஷமா என்னைக் கூப்பிடுது."

"விளையாடாத மாமா. குளிருது."

பலகையை விரல் முட்டியால் தட்டும் சத்தம். பிறகு வழவழப்பான மரத்தில் பூட்ஸ் வழுக்கும் சத்தம். மறுபடி ஏற முயற்சி. மறுபடி வழுக்கல்.

டுவேன் கருவிகளைப் பொறுக்கக்கூட இல்லை. ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான். தெருமுனை திரும்பும்வரை அந்தத் தட்டல் கேட்டது. மச்சினனைப் பத்திரமாக டெனிஸிடம் ஒப்படைத்தால் போதும் என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. பத்து நிமிடப் பயணம். வண்டிக்குள் வாடை பிடித்திருந்தது. சேற்று வாடைதான் என்று கண்ணாடியை இறக்கினான்.

வீட்டு முன் வண்டி நின்றது. வாசல் விளக்கு எரிந்தது. கோழி வறுக்கும் மணம் வந்தது.

பக்கத்து இருக்கை முதல்முறையாகப் பேசியது. கர்ட்டின் குரலில் அல்ல. டுவேன் ஒருநாளும் கேட்டிராத ஒரு வயசாளியின் கரகரத்த குரல், ரொம்பக் கனிவாக.

"எத்தனை வருஷம் ஆச்சு லொரெய்ன், சுடச்சுடச் சாப்பிட்டு."

டுவேன் கதவுப் பூட்டை நோக்கிக் கையை நீட்டினான்.

அதற்குள் அந்தப் பக்கக் கதவு திறந்தது. படியில் டெனிஸ் இறங்கி வந்தாள், தம்பியைக் கட்டிக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு.