விருந்தாளியின் நாற்காலி

நாற்காலி மறுபடியும் ஒரு சாண் வெளியே வந்திருந்தது.

பீட்ரூட் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்த போக்னா, கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். மற்ற ஐந்து நாற்காலிகளும் மேசைக்கு அடியில் முழங்காலை நுழைத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தன. சன்னல் பக்கத்து நாற்காலி மட்டும், ஒல்லியான ஆள் ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து உட்காரும் அளவுக்கு விலகியிருந்தது. காலையில் எழுந்ததும் அதை உள்ளே தள்ளி வைத்தாள். பதினோரு மணிக்கு இன்னொரு தடவை. இது மூன்றாவது.

"தரை சாய்வா இருக்கும்" என்று அவள் கணவன் ஹூபெர்ட் போன வாரம் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், நிரூபிக்கிறேன் பார் என்று ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தான். வைத்த இடத்தில் நின்றது கோலி. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வூச் நகரத்தின் பழைய பஞ்சாலை ஒன்றை இடித்துவிட்டுக் கட்டிய புத்தம்புது அடுக்ககம் அது. ஆறாவது மாடி. வாங்கும்போது சுவர், அலமாரி, சமையல் மேடை, கதவுப்பிடி எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளை போக்னாவுக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. அக்டோபரில் நாலு வயது மகள் தோஷாவுக்கு நிமோனியா வந்து, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவரையும் குழந்தையின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வந்த பிறகு பிடிக்காமல் போனது. வீட்டுக்கு நிறம் வேண்டும், சூடு வேண்டும் என்று அலைந்தாள். அறுபதுகளின் பாணிதான் இப்போது எல்லோர் வீட்டிலும். அவளும் வால்நட் மரத்தில் நீள அலமாரி வாங்கினாள். ஆரஞ்சுக் கூம்புகளோடு மூன்று கைகள் நீட்டிய நிற்கும் விளக்கு வாங்கினாள். கடைசியாக, டிசம்பர் முதல் வாரத்தில், பாவுத்தி பேட்டையில் செத்துப்போன ஒரு கிழவியின் வீட்டிலிருந்து, கடுகு நிறத் துணி போர்த்திய ஆறு நாற்காலிகளும் ஒரு மேசையும்.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். இந்த நாள் எப்படிப் போகிறதோ அப்படித்தான் வருஷம் முழுக்கப் போகும் என்பார்கள். போக்னா இந்த வருஷம் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. குழந்தை இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட வேண்டும்.

கரண்டியை வைத்துவிட்டுப் போய் நாற்காலியின் இருக்கையில் உள்ளங்கையைப் பதித்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஹூபெர்ட் தோஷாவைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போயிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. சூப் கொதிக்கும் சத்தத்துக்கு அடியில், துணி துணியோடு உரசுகிற மாதிரி மெல்லிய ஒரு சத்தம். உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் கேட்குமே, அது.

நாற்காலிகளை விற்ற யாட்விகா என்ற அம்மாளின் எண் ஃபோனில் இருந்தது. கூப்பிட்டாள்.

"அம்மா, உங்ககிட்ட நாற்காலி வாங்கினேனே, போக்னா. அதுல ஒண்ணு..."

"பின்கால்ல ஒரு வெட்டு இருக்குமே, அதுதானே?"

போக்னா குனிந்து பார்த்தாள். இருந்தது.

"அது எங்க வீட்டுக்காரரோட அத்தை சாமான்மா. அத்தை தினம் அதுக்கு முன்னால ஒரு தட்டு வைப்பாங்க. இன்னைக்கு ஒரு நாள் வழிப்போக்கனுக்குன்னு எல்லா வீட்லயும் வைக்கிறோம். அவங்க தினமும் வைப்பாங்க. நாங்க யாராவது அதுல உட்காரப் போனா, முதல்ல இருக்கையை ஊதுங்கன்னு கத்துவாங்க. பழைய ஆளுங்க சொல்லுவாங்கல்ல, ஏற்கெனவே இருக்கிறவங்க மேல உட்கார்ந்துடக் கூடாதுன்னு."

"யார் இருக்காங்க?"

"கேட்டதில்ல. அந்த வீட்ல கேள்வி கேட்கிற பழக்கம் கிடையாது. ஆனா வருஷா வருஷம் ஒண்ணு சொல்வாங்க. இந்த ஒரு சாயங்காலம் மட்டும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வராதீங்கன்னு."

"இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?" அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு குரல் தணிந்தது. "உங்க வீட்ல சின்னப் பிள்ளை எதுவும் இல்லையே?"

போக்னா ஃபோனை வைத்தாள்.

நாற்காலியைத் தூக்கினாள். வாங்கின அன்று, கடையிலிருந்து ரொட்டி தூக்கி வருவதுபோல ஒற்றைக் கையில் ஏற்றி வந்த நாற்காலி, இன்று இரண்டு கையையும் இழுத்தது. லிஃப்டில் அதைக் கீழே வைத்தபோது லிஃப்டின் தரை லேசாக அமுங்கி எழுந்தது. அடித்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமான் அறை உண்டு. சைக்கிளுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே அதைச் சுவர் பார்த்துத் திருப்பி வைத்துப் பூட்டினாள். மேலே வந்து, வழிப்போக்க விருந்தாளிக்கென்று வைக்கும் வெறும் தட்டுக்கு ஒரு மடக்கு ஸ்டூலைப் போட்டாள். அவளுடைய அண்ணன் லெஷெக் வருவதால் வீட்டு ஆட்கள் ஆறு பேர். நாற்காலி ஐந்துதான் இருந்தது. அவனுக்கு இன்னொரு ஸ்டூல். போதும்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தோஷாவைக் குளிப்பாட்டித் துவட்டி, வழக்கம்போல அவள் முதுகில் காது வைத்துக் கேட்டாள். உள்ளே இழுப்பு இல்லை. சுத்தமான காற்று போய் வந்தது. வெளியே அழைப்புமணி, பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம், ஹூபெர்ட்டின் அக்கா ரெனாத்தாவின் குரல். அந்தக் குரல் வந்தால் வீட்டில் வேறு குரலுக்கு இடம் இருக்காது. போக்னாவுக்கு அது முதன்முறையாக ஆறுதலாக இருந்தது.

குழந்தையின் தலை நன்றாகக் காயும்வரை உள்ளேயே இருந்துவிட்டு, சிவப்பு கவுனை மாட்டிக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

மேசையில் வழக்கப்படி வைக்கோல் பரப்பி அதன்மேல் வெள்ளை விரிப்பு. காளான், பாப்பி விதை, வறுத்த மீன் வாசனை. மேசையைச் சுற்றி ஆறு நாற்காலி.

"அதை யார் மேல கொண்டு வந்தது?"

"உன் வீட்டுக்காரன் சாவி குடுத்தான், நான் தூக்கினேன்" என்றார் ரெனாத்தாவின் கணவர் யூரெக், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "என்ன மரம்மா அது, கல்லு மாதிரி கனக்குது."

"பின்னே என்ன?" என்றாள் ரெனாத்தா. "அழகான செட்டு, முன்பல்லு விழுந்த மாதிரி இளிச்சிட்டு நிக்குது. விருந்தாளிக்கு மடக்கு ஸ்டூலாம். நல்லாயிருக்கு உங்க மரியாதை."

"லெஷெக் ஃபோன் பண்ணினான்" என்றான் ஹூபெர்ட். "பனியில ரயில் நின்னுடுச்சாம். வரலையாம்."

"அதனால அஞ்சு பேர். ஒத்தைப்படையில உட்கார்ந்தா ஆகாது. ஒருத்தர் குறைஞ்சுடுவாங்க." ரெனாத்தா அந்த நாற்காலியின் முதுகைத் தட்டினாள். "அதனால விருந்தாளியையும் சேர்த்தாச்சு, ஆறு. வாங்க சார், வந்து உட்காருங்க, கூச்சப்படாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அதை வெளிய எடுங்க" என்றாள் போக்னா.

"இன்னைக்கா?" ஹூபெர்ட்டின் சிரிப்பு பாதியில் நின்றது. "இந்த ஒரு நாள் வாசலுக்கு வந்த நாயைக்கூட விரட்டக் கூடாதுன்னு சொல்லுவியே, நீதானே?"

"எடுங்கன்னா எடுங்க ஹூபெர்ட்."

குரல் உயர்ந்ததும் தோஷாவின் உதடு பிதுங்கியது. அழுதாள். அழுகை இருமலாக மாறியது. வறட்டு இருமல், ஒன்று, இரண்டு, மூன்று. போக்னா வாயை மூடிக்கொண்டாள். இன்று சண்டை என்றால் வருஷம் முழுக்கச் சண்டை. இன்று இருமல் என்றால்.

குழந்தையைத் தூக்கி, சன்னலுக்கு நேர் எதிர்க் கோடியில், தனக்கும் ஹூபெர்ட்டுக்கும் நடுவே உட்கார வைத்தாள். நடுவே ஒரு மேசை நீளம் இருந்தது.

வேஃபர் அப்பத்தை உடைத்து ஆளுக்கு ஆள் பரிமாறி வாழ்த்துச் சொன்னார்கள். எல்லோரும் தோஷாவிடம் ஒன்றையே சொன்னார்கள்: நல்லா இரு, நல்லா இரு, நல்லா இரு. ஒரு துண்டு வெறும் தட்டுக்கும் போனது. சூப் முடிந்தது. மீன் முடிந்தது. போக்னா எதையும் ருசிக்கவில்லை. சன்னல் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி அசையவில்லை. சத்தமில்லை. தட்டில் வேஃபர் துண்டு வைத்தபடி இருந்தது. அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

"சரி, தலையை எண்ணலாமா?" என்று எழுந்தார் யூரெக். "இன்னைக்குச் சுவத்துல தன் தலை நிழலைப் பார்க்காதவன் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டான். எங்க ஊர்ல இதைப் பார்த்துட்டுத்தான் இனிப்பைத் தொடுவோம்."

"உங்க நிழலுக்கே தொப்பை இருக்கும். உட்காருங்க" என்றாள் ரெனாத்தா.

அவர் மேல்விளக்கை அணைத்தார். மூன்று கை விளக்கின் ஒரு கூம்பை மட்டும் ஏற்றி மேசைப் பக்கம் திருப்பினார். ஆரஞ்சு வெளிச்சம் எல்லோரையும் தாண்டிப் போய் எதிர்ச் சுவரில் விழுந்தது.

"அந்தக் கொண்டை நான்" என்றாள் ரெனாத்தா.

"காது ரெண்டும் என்னுது" என்றார் யூரெக், திரும்பி வந்து உட்கார்ந்து.

ஹூபெர்ட் கையை ஆட்டினான். சுவரிலும் ஒரு கை ஆடியது. அவனுக்கு ஒரு இடம் தள்ளி இருந்த நிழலைப் போக்னா பார்த்தாள். தன்னுடையதுதான்.

இரண்டு நிழலுக்கும் நடுவே ஒரு நாற்காலியின் முதுகு. குறுக்குச் சட்டங்கள். சட்டங்களுக்கு இடையே வெளிச்சம்.

அங்கே யாரும் இல்லை.

போக்னா திரும்பிப் பார்த்தாள். தோஷா பக்கத்தில்தான் இருந்தாள். சிவப்பு கவுன். உதட்டோரம் பாப்பி விதை. கரண்டியை மேலே தூக்கினாள்.

சுவரில் ஒரு கரண்டி மேலே போனது. சன்னல் பக்கம். ஆறாவது நாற்காலியில்.

சின்னத் தலை. சின்னத் தோள். அதற்குப் பின்னால், அதைவிட உயரமாக, ஒல்லியாக, இன்னொன்று. சின்னதை மடியில் வைத்திருந்தது.

மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போக்னா குழந்தையை இழுத்து நெஞ்சோடு அணைத்தாள். சூடாக இருந்தாள். இதயம் துடித்தது. பால் வாசனை. இருக்கிறாள். என் கையில்தான் இருக்கிறாள்.

சுவரில் அவளுடைய நிழல் இரண்டு கையையும் வளைத்து, வெறும் காற்றைக் கட்டிக்கொண்டிருந்தது.

சன்னல் பக்கத்து நிழலில் நீளமான ஒரு கை எழுந்தது. அவசரமே இல்லாமல். சின்னத் தலையின் உச்சியில் இறங்கியது. மெதுவாக வருடியது.

அவள் மோவாய்க்குக் கீழே, தோஷாவின் உச்சி முடி ஒரு பக்கமாக அமுங்கிப் படிந்தது.